வாய்க்கால் வெட்டிய மருத்துவர்

நோயுற்றவருக்கு மருந்து கொடுப்பது மருத்துவரின் கடமை. ஆனால், நல்ல நீர் இல்லாமையே நோய்க்குக் காரணமாயின் மருத்துவர் என்ன செய்ய இயலும்? இவ்வினாவுக்கு ஆப்கானிஸ்தானில் விடை கண்டவர் டெட்சு நகமுரா.

இவர் ஜப்பான் நாட்டின் ஃபுகுவோகாவில் 1946ஆம் ஆண்டு பிறந்தார். 1984ஆம் ஆண்டு, தொழுநோயாளர்க்கு மருத்துவம் செய்யப் பாகிஸ்தானின் பெஷாவர் நகருக்குச் சென்றார். அப்போது ஆப்கானிஸ்தானில் போர் நடந்துகொண்டிருந்தது. இலட்சக்கணக்கான மக்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டு, எல்லை கடந்து பாகிஸ்தானில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுக்கும் மருத்துவம் செய்த நகமுரா, பின்னர் ஆப்கானிஸ்தானின் கிழக்கு மலைப்பகுதியிலும் மருத்துவ நிலையங்களைத் தொடங்கினார்.

2000ஆம் ஆண்டு அங்குக் கடும் வறட்சி ஏற்பட்டது. மக்கள் கலங்கிய நீரைக் குடித்தனர். குழந்தைகள் பலர் வயிற்றுப்போக்கால் இறந்தனர். பிள்ளையைச் சுமந்து நெடுந்தொலைவு நடந்து வந்த தாய்மார், மருத்துவருக்காகக் காத்திருக்கும்போதே பிள்ளையை இழந்ததும் உண்டு. பசியையும் தாகத்தையும் மருந்து தீர்க்காது என்பதை நகமுரா உணர்ந்தார். அவரும் உடன் உழைத்தோரும் சுமார் 1,600 கிணறுகளைத் தோண்டினர். குடிநீர் கிடைத்தது. எனினும் வயல்கள் காய்ந்தே கிடந்தன. நிலத்தடி நீர்மட்டமும் தாழ்ந்துகொண்டே சென்றது.

ஆகவே, பனிமலையிலிருந்து உருகி வரும் நீரைக் கொண்ட குனார் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்ட அவர் முடிவு செய்தார். 2003ஆம் ஆண்டு வேலை தொடங்கியது. நகமுரா பொறியாளர் அல்லர். கணக்கையும் நீரியலையும் தாமே முயன்று கற்றார். தம் சொந்த மண்ணில் 200 ஆண்டுகளுக்கு முன்பு உழவர்கள் கட்டிய யமாடா தடுப்பணையை முன்மாதிரியாகக் கொண்டார். கரைகளுக்குச் சிமெண்ட் சுவருக்குப் பதிலாக, கற்கள் நிரப்பிய கம்பிக்கூடைகளை அடுக்கினர். அவற்றின் பின்னே வில்லோ மரங்களை நட்டனர். மரத்தின் வேர்கள் கற்களுக்கிடையே பரவிக் கரையை இறுகப் பிடித்துக்கொண்டன. கரை சிதைந்தால் ஊர் மக்களே கல்லும் கம்பியும் கொண்டு செப்பனிடலாம்; அயல்நாட்டாரின் வருகைக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. இம்முறையை அவர் தேர்ந்ததன் காரணம் இதுவே.

அவ்வூர் உழவர்களே கூலி பெற்று வேலை செய்தனர். முன்பு துப்பாக்கி ஏந்திய சிலரும் மண்வெட்டி ஏந்தினர். சுமார் 25 கிலோமீட்டர் நீளமுள்ள வாய்க்கால் 2010ஆம் ஆண்டு நிறைவுற்றது. கம்பேரி என்னும் பாலைநிலத்தில் கோதுமை விளைந்தது. வெளியேறிய குடும்பங்கள் ஊர் திரும்பின. இதுவும் பின்னர் அமைந்த தடுப்பணைகளும் சேர்ந்து 16,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்துக்கு நீர் தந்தன.

2019ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், ஜலாலாபாத் நகரில் நகமுராவும் உடன் சென்ற ஆப்கானியர் ஐவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆயினும் அவரது பணி நின்றுவிடவில்லை. அவரோடு உழைத்துக் கற்றுக்கொண்டவர்கள் அதனைத் தொடர்ந்தனர். கொடுப்பவர் இல்லாத காலத்திலும் பயன் தருவதே சிறந்த உதவி.

சொற்பொருள்
அடைக்கலம் – பாதுகாப்பு
செப்பனிடுதல் – பழுது நீக்குதல்
முன்மாதிரி – பின்பற்றத்தக்க எடுத்துக்காட்டு

விடை எழுதுக
1. கிணறுகள் தோண்டிய பின்னரும் தீராத குறை யாது?
2. கம்பிக்கூடைக் கரையை நகமுரா தேர்ந்தது ஏன்?
3. ‘மண்வெட்டி ஏந்தினர்’ என்பதால் நீவிர் அறிவது யாது?

பிரித்து எழுதுக
நெடுந்தொலைவு, இவ்வினா, நீர்மட்டம்

செயல்பாடு
உம் பெற்றோரின் சொந்த ஊரில் உள்ள ஏரி, குளம் அல்லது வாய்க்காலின் பெயரை வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிக. அதனைத் தூர் வாருவோர் யாவர் என்பது பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.