கோடி ரூபாய் கருவி இருந்தால்தான் பயோடெக் கற்க முடியுமா?

இந்த மாதத்தில் மட்டும் நான்கு பேர் என்னிடம் இதையே சொல்லிவிட்டார்கள். "பயோடெக் பிராக்டிகல் எல்லாம் பணக்கார நாட்டுக்குத்தான் சார். கோடிக்கணக்கில் கருவி இல்லாமல் நம்ம பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தர முடியும்?" அந்த நால்வரில் இருவர் ஆசிரியர்கள். அதுதான் எனக்கு ஆறவேயில்லை.

சுத்தப் பொய் இது. டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். என்றதும் மிரள்கிறோமே, 1983-இல் கேரி முல்லிஸுக்கு அந்த யோசனை தோன்றியபோது அதற்கென்று கருவியே கிடையாது. வெவ்வேறு சூட்டில் தண்ணீர்த் தொட்டிகளை வைத்து, குழாயைக் கையால் மாற்றி மாற்றி முக்கினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நொதி சூட்டில் செத்துப்போகும். மறுபடி ஊற்ற வேண்டும். சூடு தாங்கும் டாக் நொதி வந்த பிறகுதான் அந்தப் பாடு தீர்ந்தது. இன்றைக்கும் 95, 55, 72 டிகிரியில் மூன்று வாட்டர் பாத், ஒரு கடிகாரம், குழாயில் இருப்பது ஆவியாகாமலிருக்க மேலே ஒரு துளி மினரல் ஆயில் இருந்தால் செய்துவிடலாம். கையால் முக்கி எடுத்த பிள்ளைக்கு எந்தச் சூட்டில் இழை பிரிகிறது, எதில் வளர்கிறது என்பது மறக்காது.

பணக்கார நாட்டுக்குத்தான் என்பதும் பொய். 1981-இல் கியூபாவிலிருந்து ஆறு பேர் ஹெல்சிங்கி போய், விஞ்ஞானி காரி கான்டெல்லின் ஆய்வகத்தில் இன்டர்ஃபெரான் என்ற வைரஸ் எதிர்ப்புப் புரதத்தை எடுக்கக் கற்றார்கள். திரும்பி வந்து ஹவானாவில் ஒரு வீட்டையே ஆய்வகமாக்கி, அதே ஆண்டில் தயாரித்தும் காட்டினார்கள். அங்கே மரபணுப் பொறியியல் மையம் திறந்தது 1986-இல்தான். வியட்நாமின் தாலாத் மலையூரில் உழவர் குடும்பங்கள் வீட்டிலேயே திசு வளர்ப்பு முறையில் உருளைக்கிழங்கு நாற்றைப் பெருக்கின.

கருவி இருந்தால் மட்டும் போதுமா? நான் பார்த்த ஒரு கல்லூரியில் பி.சி.ஆர். செய்யும் தெர்மல் சைக்ளர் இருந்தது, பிளாஸ்டிக் உறைக்குள். ஆய்வுக் குழு வரும் நாளில்தான் உறையைக் கழற்றுவார்கள். அங்கே இறுதியாண்டு மாணவி ஒருத்தி என் கண்முன் முதல்முறையாக மைக்ரோபிப்பெட்டைப் பிடித்தாள். முதல் நிறுத்தத்தைத் தாண்டிக் கட்டைவிரலை அழுத்தி உறிஞ்சினாள். 10 மைக்ரோலிட்டருக்கு மேலேயே ஏறிவிட்டது. ஜெல்லின் குழியில் இறக்கும்போது கை நடுங்கி, முனை அடியைக் குத்திவிட்டது. அழுதுவிட்டாள். சர்க்கரை கரைத்த சாயத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் பழக்கியிருந்தால் இது நடந்திருக்காது. சர்க்கரைக்கும் சாயத்துக்குமா கோடி ரூபாய்?

மற்ற கட்டுக்கதைகளுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். ஆட்டோகிளேவ் இல்லையா? பிரஷர் குக்கரில் விசில் வந்ததும் தீயைத் தணித்து 20 நிமிடம் வையுங்கள். ஏறக்குறைய 120 டிகிரி, சின்ன அளவு மீடியத்துக்குப் போதும். எல்லாம் இறக்குமதியா? ராமநாதபுரம் கடலில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள். பயோடெக் என்றாலே மரபணு மாற்றமா? திசு வளர்ப்பு வாழையும் ரைசோபிய உயிர் உரமும் பயோடெக்தான்.

பல வருடமாக நான் கத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டு நோட்டுக்கு மார்க் போடுவதை நிறுத்துங்கள். அழகாகப் படம் வரைந்து, சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியதற்கா செய்முறை மதிப்பெண்? அடுத்த தேர்வில் நோட்டை ஓரமாக வைத்துவிட்டு, பிப்பெட்டைக் கையில் கொடுங்கள். தராசில் 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைப் பத்து முறை வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் 100 மில்லிகிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். அந்தப் பத்து எண்களுக்கு மார்க் போடுங்கள்.