கனரக வாகன ஓட்டுநர் வேலை: நம் பிள்ளைகளுக்கு ஒரு வழி



"மாப்பிள்ளை லாரி டிரைவர்" என்றதும் நம் வீடுகளில் முகம் சுருங்கிவிடுகிறது. நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன் கதீஜா (ரலி) அவர்களின் சரக்கைச் சிரியா வரை கொண்டு சென்று, விற்று, கணக்கை நேர்மையாக ஒப்படைத்தவர்கள். அடுத்தவர் பொருளை அமானத்தாகக் கொண்டு சேர்ப்பதில் இழிவு எங்கிருந்து வந்தது? பத்தாவது, பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

18 வயது நிறைந்தால் இலகுரக வாகன உரிமம் எடுக்கலாம். வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வண்டியை ஓட்ட 20 வயது ஆக வேண்டும். அந்த வயதில், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகளை இலகுரக உரிமத்தை வைத்தே ஓட்டலாம். தனியாக 'பேட்ஜ்' தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னதை, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்தது. நம் ஊரில் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப், கேரட் மூட்டையோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் சிறு வண்டி எல்லாம் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் வரும். தொடங்க அதுவே நல்ல இடம்.

கனரக உரிமத்துக்கு இலகுரக உரிமம் கையில் ஓராண்டாவது இருந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்றும், பயிற்சிப் பள்ளியின் சான்றும் வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற நிபந்தனை 2019-ல் நீக்கப்பட்டது. அதற்காகப் பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். 2025-ல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஓட்டுநருடன் நடத்துநர் பணிக்கு ஆள் கேட்டபோது பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைக் கேட்டன. முறையாகப் பழக கும்மிடிப்பூண்டியில் அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனப் பயிற்சி மையமும், நாமக்கல்லில் அசோக் லேலண்ட் பயிற்சி நிலையமும் உள்ளன.

மலையில் பிறந்த பிள்ளைக்குக் கையில் ஒரு முதல் உண்டு. அது மலைப்பாதைப் பழக்கம். ஆனால் காரும் பைக்கும் ஓட்டிய பழக்கம் பத்து டன் லோடுக்குப் போதாது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 35 கி.மீ.தான்; அதற்குள் 1,500 மீட்டர் இறங்குகிறோம். அந்த இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி லைனிங் பிடிக்காமல் போகும். ஏர் பிரேக் வண்டியில் அடிக்கடி மிதித்தால் டேங்கில் காற்றும் குறையும். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும். வண்டியை இன்ஜின் பிடிக்க வேண்டும், பிரேக் உதவிக்கு மட்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது, இன்ஜினை அணைப்பது இரண்டும் உயிரோடு விளையாடுவது. இன்ஜின் நின்றால் காற்று ஏறாது, ஸ்டியரிங்கும் கனத்துவிடும். கொண்டை ஊசி வளைவில் ஏறிவரும் வண்டிக்கே முதல் வழி. இது மரியாதைக்காகச் சொல்வதல்ல, சட்டம். கூடலூர் வழியாக மைசூர் போகிறவர், பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் புறப்பட வேண்டும்.

சட்டப்படி மோட்டார் தொழிலாளிக்கு நாளுக்கு 8 மணி நேர வேலைதான். நடைமுறையில் பல முதலாளிகள் இதைப் பார்ப்பதில்லை. தூக்கத்தை விரட்டப் புகையிலையும் மதுவும் கைக்கு வருவது அந்த இடத்தில்தான். சேரும் முன்பே படி எவ்வளவு, ஓய்வு எங்கே, மாற்று டிரைவர் உண்டா என்று கேட்பது தவறில்லை. தொழுகைக்குப் பயணிக்கு கஸ்ர் சலுகை உண்டு. வண்டி ஓட்டுவது தொழுகையை விட ஒரு காரணமாகாது. ஓட்டத் தொடங்கிய உடனே வட்டிக்குக் கடன் வாங்கிச் சொந்த லாரி எடுப்பது மட்டும் வேண்டாம். ஒரு மாதம் லோடு கிடைக்காவிட்டாலும் தவணை நிற்காது.

வளைகுடாவுக்குப் போக நினைப்பவர்களுக்கு: நம் உரிமம் அங்கே அப்படியே செல்லாது, அந்த நாட்டு உரிமம் எடுக்க வேண்டும். ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மீதான ஜிஎஸ்டியும்தான். பத்தாவது தேறாதவர் சவூதி, குவைத் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதியும் பெற வேண்டும். விசாவில் 'சாயிக் ஷாஹினா' என்றிருந்தால் லாரி டிரைவர். 'சாயிக் காஸ்' என்றிருந்தால் வீட்டு டிரைவர். சம்பளமும் உரிமைகளும் வேறு. பணம் கொடுக்கும் முன் அந்தத் தாளை மதரஸா உஸ்தாதிடம் காட்டி ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.