பருப்பு ஏன் இரண்டாகப் பிளக்கிறது?

வீட்டில் துவரம் பருப்பு இருக்கிறதா? ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மேடாக இருக்கும். மறு பக்கம் தட்டையாக இருக்கும். அது முழு விதை அல்ல, பாதி விதை.

ஒரு அரிசியை எடுங்கள். அதைச் சரிபாதியாகப் பிளக்க முடியுமா? முடியாது. உடைத்தால் நொய்தான் ஆகும்.

மார்கழி, தை மாதங்களில் நம் ஸ்ரீராம்புரம் தெருக்களில் அவரைக்காய் வந்து குவியும். கொட்டையை ஊறவைத்துப் பிதுக்கி, பிதுக்கம் பருப்புக் குழம்பு வைப்போம். பிதுக்கும்போது கவனியுங்கள். தோல் கழன்று வரும். உள்ளே இரண்டு பருப்பு. நடுவில் சின்ன முளை. அந்த முளைதான் குட்டிச் செடி. இரண்டு பருப்பும் தாய்ச்செடி அதற்குக் கட்டிக் கொடுத்த சோற்று மூட்டை.

இந்தப் பருப்புக்கு வித்திலை என்று பெயர். வித்து என்றால் விதை. அவரை, துவரை, கடலை, கத்தரி, மா, வேம்பு ஆகியவற்றுக்கு இரண்டு வித்திலை. இவை இருவித்திலைச் செடிகள். நெல், கேழ்வரகு, வாழை, தென்னை ஆகியவற்றுக்கு ஒன்றுதான். இவை ஒருவித்திலைச் செடிகள். உலகில் பூக்கும் செடிகள் சுமார் 3 லட்சம் வகை. பெரும்பாலானவை இந்த இரண்டு கூட்டத்துக்குள் வந்துவிடும்.

எங்கள் வகுப்பில் ஒரு அக்கா கேட்டார்: "தனியாவும் இரண்டாக உடைகிறதே?" நல்ல கேள்வி. தனியா என்பது காய். அதன் ஒவ்வொரு பாதியும் ஒரு முழு விதை. அதை விதைத்தால் இரண்டு இலையோடு முளைக்கும். அதுவும் இருவித்திலைதான்.

விதை கிடைக்காவிட்டால் இலையைப் பாருங்கள். வாழை இலை நேர்கோட்டில் கிழியும். அதன் நரம்புகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. அரச இலையின் நரம்புகள் வலை போலப் பின்னியிருக்கும். வேரும் சொல்லும். வெங்காயத்தின் அடியில் வேர் கொத்தாக இருக்கும். முளைக்கீரையைப் பிடுங்கினால் நடுவில் ஓர் ஆணிவேர் வரும். பூவில் இதழை எண்ணலாம். செம்பருத்திக்கு 5. சம்பங்கிக்கு 6, அதாவது இரண்டு மூன்று. ஆனால் ரோஜாவையும் அடுக்குப் பூக்களையும் எண்ண வேண்டாம். அவை மனிதர்கள் இதழ் கூட்டி வளர்த்தவை.

மரத்திலும் வேறுபாடு உண்டு. புங்கமரத்தின் பட்டைக்கு அடியில் வளரும் அடுக்கு ஒன்று இருக்கிறது. அதனால் மரம் வருடா வருடம் பருக்கும். காயம் பட்டாலும் மெல்ல மூடிக்கொள்ளும். தென்னையில் அந்த அடுக்கு இல்லை. ஏறுவதற்கு வெட்டிய படி அப்படியே நிற்கும். மாங்கன்றில் ஒட்டுக் கட்டலாம், தென்னையில் முடியாது. தென்னையில் வைரம் வெளிப்பக்கம் இருக்கிறது, வேம்பில் உள்ளே இருக்கிறது. இதைத் தொல்காப்பியமே பிரித்துச் சொல்கிறது. வெளியே வைரம் இருந்தால் புல்லாம், உள்ளே இருந்தால் மரமாம். அந்தக் கணக்கில் தென்னை ஒரு புல்! ஐரோப்பாவில் ஜான் ரே என்பவர் 1682-ல் வித்திலையை வைத்துச் செடிகளைப் பிரித்து எழுதினார்.

இனி நம் தட்டுக்கு வருவோம். அரிசி, கோதுமை, கேழ்வரகு எல்லாம் ஒருவித்திலை. பருப்பு, பயறு எல்லாம் இருவித்திலை. இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்கின்றன. களிக்கு அவரைக் குழம்பு சேர்கிறது. இது ருசிக்காக மட்டும் அல்ல. உடல் வளரப் புரதம் வேண்டும். 100 கிராம் அரிசியில் சுமார் 7, 8 கிராம் புரதம் இருக்கிறது. துவரம் பருப்பில் சுமார் 22 கிராம். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற சத்து குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைகிற வேறொரு சத்து அரிசியில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது.

துவரை விலை ஏறினால் என்ன செய்கிறோம்? சாம்பாரில் தண்ணீரைக் கூட்டுகிறோம். வீட்டில் அதிகம் இழப்பது வளரும் பிள்ளைதான். வெறும் சோறும் ரசமும் அதற்குப் போதாது. துவரைதான் வேண்டும் என்று இல்லை. கொள்ளு, பாசிப்பயறு, தட்டைப்பயறு இவற்றில் அன்று எது மலிவோ அதை வாங்குங்கள். எல்லாம் இரண்டாகப் பிளப்பவைதான்.

செய்து பாருங்கள்: கேழ்வரகையும் கொள்ளையும் தனித்தனி ஈரத்துணியில் கட்டி முளைக்க வையுங்கள். சிலவற்றை மண்ணில் போடுங்கள். முதலில் எத்தனை இலை வருகிறது?

பிரித்து எழுதுங்கள்: மூங்கில், தக்காளி, கரும்பு, பூசணி, பனை, முருங்கை, சேப்பங்கிழங்கு. கடைசியில் உள்ளதன் இலை நரம்பு வலை போல இருக்கும். ஆனாலும் அது ஒருவித்திலைதான்.