புது ஊரைப் பார்ப்பது எப்படி?

மாற்றலாகி இங்கே கொல்கத்தாவுக்கு வரும் நம்மவர்கள், வீடும் பள்ளிக்கூடமும் அமைந்த பிறகு என்னிடம் கேட்கும் அடுத்த கேள்வி, "ஞாயிற்றுக்கிழமை எங்கே சார் போகலாம்?" என்பதுதான். ரயில்வே இன்ஜினீயர் அல்லவா, எல்லா இடத்துக்கும் மணி போட்டு ஒரு தாள் கொடுப்பேன் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஒரு தாளை எழுதி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

1993 டிசம்பரில் என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். ஒரு நாள் லீவு போட்டேன். காலை ஏழு மணி முதல் இரவு எட்டு வரை ஒன்பது இடங்கள். ஹௌராவில் படகு ஏறி ஆற்றைக் கடந்தோம். பாலத்தைக் காட்டி, ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது, 26,500 டன் எஃகு, நட்டு போல்ட்டு இல்லாமல் எல்லாம் ரிவெட், 1943-இல் திறந்தது என்று அடுக்கிக்கொண்டே வந்தேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "இது கங்கைதானேப்பா?"

கரை சேர்ந்ததும், "படித்துறையில் கொஞ்சம் உட்காரலாமா?" என்றார். "பத்து மணிக்கு மியூசியம்மா. சாயங்காலம் வரலாம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனேன். மியூசியம் பூட்டியிருந்தது. அன்று திங்கட்கிழமை, அங்கே வார விடுமுறை. ஒன்பது இடங்களுக்கு மணி போட்டவன் அதை விசாரிக்கவில்லை! மாலையில் ஏழாவது இடத்திலேயே இருட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்த கங்கைத் தண்ணீரைச் சொம்பில் எடுத்துக்கொண்டு அம்மா ஊருக்குத் திரும்பினார். அதன்பின் அவர் கொல்கத்தா வரவேயில்லை.

திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நமக்காகக் காத்திராதவற்றை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்: வார விடுமுறை, கடைசிப் படகு, திரும்பும் வழி. இந்த ஊரில் பல ஒருவழிச் சாலைகள் நண்பகலுக்குப் பின் திசை மாறிவிடும். காலையில் போன தெருவிலேயே பஸ்ஸுக்கு நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

மற்றதற்கு ரயில் கால அட்டவணையே பாடம். வண்டி ஓடத் தேவையான நேரத்தோடு, தண்டவாள வேலைக்கும் தாமதத்தை ஈடுகட்டவும் சில நிமிடங்களைக் கூட்டித்தான் அட்டவணை போடுவார்கள். சாந்த்ராகாச்சியிலிருந்து ஹௌராவுக்குச் சுமார் எட்டு கிலோமீட்டர்தான். அதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்று சலித்துக்கொள்கிறீர்களே, அதில் இந்தக் கணக்கும் உண்டு. இடைவெளியே விடாமல் போட்ட அட்டவணை முதல் சிவப்பு சிக்னலிலேயே குலைந்துவிடும்.

சென்ற ஆண்டு பூஜைக்கு முன் ஒரு குடும்பத்துக்கு இரண்டே வரி எழுதிக் கொடுத்தேன். காலையில் ஜொராசாங்கோவில் தாகூர் பிறந்த வீடு, திங்கட்கிழமை கூடாது. திரும்ப ஷோபாபஜாரில் மெட்ரோ. நடுவில் ஒன்றும் எழுதவில்லை. தாகூர் வீட்டிலிருந்து நடந்தே போனவர்கள் குமார்டுலியில் நின்றுவிட்டார்கள். வைக்கோலைக் கட்டி, அதன்மேல் களிமண் அப்பி துர்க்கை உருவாவதைப் பையன் இரண்டு மணி நேரம் நகராமல் பார்த்தானாம். விக்டோரியா நினைவகத்தை அவர்கள் இன்னும் பார்க்கவில்லை.