கிளியர் லேக் போகிறவர்களுக்கு

ஐயோவா மாநிலத்தின் கிளியர் லேக்குக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நேராக விமானம் விழுந்த வயலுக்குத்தான் காரை விடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் ஊருக்குள் இருக்கும் சர்ஃப் பால்ரூமைப் பாருங்கள். 1959 பிப்ரவரி 2 இரவு பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், 'பிக் பாப்பர்' ரிச்சர்ட்சன் என்ற ராக் அண்ட் ரோல் பாடகர்கள் மூவரும் கடைசியாகப் பாடிய மேடை அது. பாடிவிட்டு அவர்கள் ஏறிய விமானம்தான் அந்த வயலில் விழுந்தது; யாரும் பிழைக்கவில்லை. இன்றும் கச்சேரி நடக்கிற அரங்கம் என்பதால், உள்ளே பார்க்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

போவதானால் குளிர்காலத்தில் போங்கள். நான் போனது பிப்ரவரியில். ஹாலி ஏன் விமானம் ஏறினார் என்பதை எந்தப் புத்தகத்தையும்விட அந்தக் காற்று நன்றாகச் சொன்னது. அவர்கள் வந்த பேருந்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஹாலியின் டிரம்மர் கார்ல் பன்ச் பாதம் விறைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். காய்ச்சலில் இருந்த ரிச்சர்ட்சனுக்கு ஹாலியின் குழுவில் பேஸ் வாசித்த வேலன் ஜென்னிங்ஸ் விமானத்தில் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். காசு சுண்டியதில் இன்னொரு இடம் வேலன்ஸுக்குப் போனது. அவருக்கு வயது 17.

வயல் ஊருக்கு வடக்கே, சில மைல் தூரத்தில். சரளைச் சாலையோரம் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் மூக்குக்கண்ணாடிச் சிற்பம்தான் அடையாளம், ஹாலி அணிந்ததைப் போன்ற கறுப்புச் சட்டத்தில். அங்கிருந்து வேலியை ஒட்டியே நடக்க வேண்டும். பனியில் பத்து நிமிட நடை இருபதாகும். கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ் அவசியம். கழிப்பறை, கடை, ஒதுங்க இடம் எதுவும் கிடையாது. இது ஒரு விவசாயியின் நிலம், பயிர் இருக்கும் காலத்தில் வரிசைக்குள் கால் வைக்காதீர்கள்.

வேலியோரம் எஃகில் ஒரு கிட்டாரும் மூன்று இசைத்தட்டுகளும் நிற்கின்றன. கென் பாக்கெட் 1988-ல் செய்தது. சுற்றிலும் ரசிகர்கள் வைத்துப்போன கண்ணாடிகள், சில்லறைக் காசுகள். படமெடுத்த கையோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். விமானி ரோஜர் பீட்டர்சனுக்கு 2009-ல் தனியாக ஒரு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள், அதையும் பாருங்கள். வயது 21. கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கத் தகுதிச் சான்று பெறாதவர். வானிலை எச்சரிக்கைகளும் அவருக்குச் சொல்லப்படவில்லை என்றது விசாரணை அறிக்கை. பாடகர் இல்லை என்பதாலேயே அவரை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிப்ரவரித் தொடக்கத்தை ஒட்டி சர்ஃபில் ஆண்டு விழா நடக்கும். அப்போது போக நினைத்தால் தங்குமிடத்தை வெகுமுன்பே பிடித்துவிடுங்கள்.