169 கோல்தானா என்று கேட்டவளுக்கு

அன்புள்ள யாழினிக்கு,

உன் கேள்வி வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். திட்டித் தீர்த்துவிடுவேனோ என்று பயந்து நான்கு நாள் தள்ளிப் போட்டேன். தள்ளிப் போட்டும் எரிச்சல் முழுக்க அடங்கவில்லை, பொறுத்துக்கொள்.

'921 ஆட்டம், 169 கோல். இதற்கா சார் இகோர் லரியோனோவைப் ப்ரொஃபசர் என்று கொண்டாடுகிறார்கள்?' என்று கேட்டிருக்கிறாய். அதுவும் நீ கேட்கிறாய்! பள்ளி அணியில் நடுக்களத்தில் ஆடி, பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மறுநாள் பேப்பரில் கோல் போட்டவள் பெயர் மட்டும் வந்ததற்காக என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியவள் நீ. லரியோனோவின் ஆட்டமான ஐஸ் ஹாக்கியில் இருப்பவர்கள் அந்த விஷயத்தில் நியாயஸ்தர்கள். கோல் விழுவதற்கு முன் பக் என்கிற ரப்பர் வட்டைக் கொடுத்து உதவியவர்களில் இரண்டு பேர் பெயர் வரை ஏட்டில் ஏறும். அந்தக் கணக்கில் லரியோனோவுக்கு 475. அவர் தானே அடித்தது ஒன்று என்றால், அடுத்தவரை அடிக்க வைத்தது கிட்டத்தட்ட மூன்று. பட்டியலில் பக்கத்துக் கட்டத்திலேயே இருந்திருக்கும். உன் கண் அங்கே போகவில்லை.

இன்னொன்று. நீ பார்த்தது வட அமெரிக்காவின் என்.எச்.எல். கணக்கு மட்டும். அங்கே அவர் காலடி வைத்தபோது வயது 28. அதற்குள் இரண்டு ஒலிம்பிக் தங்கம் (1984, 1988), நான்கு உலகப் பட்டம் எல்லாம் முடிந்துவிட்டது. பாதிப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு கதை சின்னது என்கிறாய்.

அவருடைய ஊர் வோஸ்க்ரெசென்ஸ்க். மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே இருக்கிற உரத் தொழிற்சாலை ஊர். ஊர் அணியின் பெயரே கிமிக், அதாவது கெமிஸ்ட். அங்கிருந்து 1981-இல் மாஸ்கோவின் ராணுவக் கிளப்பான சி.எஸ்.கே.ஏ. அவரை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டது என்றுதான் சொல்லவேண்டும். கட்டாய ராணுவ சேவை இருந்த நாட்டில் ராணுவக் கிளப் கை காட்டினால் யார் மறுக்க முடியும்? அங்கே விங்கில் குருதோவ், மகாரோவ். பின்னால் ஃபெதிசோவ், கசதோனோவ். நடுவில் சென்டராக இவர். இந்த ஐந்து பேரையும் பிரிக்காமல் ஒரே கூட்டமாகத்தான் பனித்தளத்தில் இறக்குவார்கள். ஐந்து பேரும் ஒருவர் மனதை ஒருவர் படித்து ஆடினார்கள் என்றெல்லாம் எழுதுவார்கள். வருஷத்தில் பத்துப் பதினோரு மாதம் வீட்டுக்கு விடாமல் முகாமில் அடைத்துவைத்தால் யாருக்கும் அடுத்தவன் மனம் படிக்க வந்துவிடும்.

இப்போது என் சொந்தச் சித்தாந்தம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம். லரியோனோவின் ஆட்டம் முழுவதும் ஒரே ஒரு காரியம்: பக்கைக் கொடுக்காமல் ஒரு கணம் வைத்திருப்பது.

நீ ஆடுவது தரையில். உன்னை மறிக்க வருகிறவள் ஏமாந்தால் காலை ஊன்றித் திரும்பிவிடுவாள். உனக்குக் கிடைப்பது ஒரு எட்டு. பனியில் ஸ்கேட் மேல் வேகமாக வருகிறவனால் அப்படி ஊன்ற முடியாது. ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் சாய்ந்ததுதான். அவன் வேகமே அவனை நாலைந்து கெஜம் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே, முதலில் அசையாதவன் கெட்டிக்காரன். லரியோனோவ் பக்கைத் தன் ஸ்டிக்கில் வைத்துக்கொண்டு, தலையைத் தூக்கி, எதிராளி முதலில் ஏதாவது செய்யட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். எதிராளிக்குப் பொறுக்காது. அவன் அசைந்ததும் அவன் விட்டுப்போன இடத்தின் வழியாகப் பக் போகும். பெரிய உடம்பும் இல்லை, பேய் வேகமும் இல்லை.

வட அமெரிக்காவில் அன்றைக்கு வழக்கம் வேறு. நடுக்கோட்டைத் தாண்டினால் பக்கை எதிர் மூலைக்கு ஓங்கி அடித்துவிட்டுத் துரத்திப் போய், சுவரோடு சுவராக இடித்துப் பிடுங்குவார்கள். சோவியத் ஆட்டக்காரருக்கு அது கையிலிருந்த சோற்றைத் தெருவில் கொட்டிவிட்டுப் பொறுக்குவது மாதிரி. வழி இல்லையென்றால் பக்கோடு பின்னால் திரும்பி, மறுபடி சேர்ந்து வருவார்கள். இத்தனைக்கும் அங்கே பனித்தளம் ஐரோப்பாவுடையதைவிடச் சுமார் நான்கு மீட்டர் குறுகல். காத்திருக்க இடமே கிடையாது. அதில் காத்திருந்தார் மனுஷன்.

அவருக்குச் சதுரங்கத்தில் பிரியம் உண்டு என்று படித்தபோது நான் துளியும் ஆச்சரியப்படவில்லை. சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் சதுரங்க வீரர் தால் பெயரில் ஒரு கிளப் இருந்ததல்லவா, ஆனந்த் சிறுவனாகப் போய் ஆடிய இடம்? வேலை தேடி அலைந்த நாட்களில் நானும் அங்கே போய் உட்காருவேன், பெரும்பாலும் மின்விசிறிக்காக. வாசக அறையில் 'சோவியத் நாடு' இதழ்கள் கிடக்கும். ஐஸ் ஹாக்கிப் படத்தை முதன்முதலில் அதில்தான் பார்த்தேன். தலையில் சட்டி கவிழ்த்துக்கொண்டு இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று விளங்கவில்லை. சதுரங்கம் கொஞ்சம் விளங்கியது. ஒரு பெரியவர் என்னை வாரம் தவறாமல் தோற்கடிப்பார். தாக்கவே மாட்டார். ஏதாவது சின்னக் காய் ஒன்றை நகர்த்திவிட்டுத் தாடையைத் தடவுவார். நானே போய் விழுவேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

காத்திருப்பது என்றால் வாய் மூடி இருப்பது என்று நினைத்துவிடாதே. 1988 அக்டோபரில் 'ஒகோன்யோக்' வார இதழில் அவர் தன் பயிற்சியாளர் விக்தர் டிகோனோவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்த வருஷம் சோவியத் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். டிகோனோவோ தேசிய அணிக்கும் ராணுவக் கிளப்புக்கும் சேர்த்துத் தலைவர். அவர் ஆட்சியில் அணிக்குள் இருந்த அச்சத்தையும், குடும்பத்தைப் பிரித்துவைக்கும் முகாம் வாழ்க்கையையும் லரியோனோவ் பெயர் போட்டு எழுதினார். ஸ்டாலின் காலத்தில் தாத்தா உழைப்பு முகாமில் ஆண்டுக்கணக்கில் கிடந்த குடும்பம் லரியோனோவுடையது. எழுதுவதன் விலை தெரியாமல் எழுதியவர் இல்லை. ஏழு வருஷம் டிகோனோவிடம் ஆடிய பிறகு, கோர்பச்சேவ் காலம் வந்த பிறகு எழுதினார். இதிலும் என் சித்தாந்தத்தைப் பார்க்கிறேன். சிரிக்காதே.

1989-இல் வான்கூவர். கூடவே போன குருதோவ் ஒரே வருஷத்தில் முடங்கினார். லரியோனோவ் ஊன்றி நின்று, 1991-இல் வந்த இளைஞன் பாவெல் புரேயைப் பக்கத்தில் வைத்து வளர்த்தார். புரே அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகம் ஆனான். ஆனால் லரியோனோவின் சம்பளத்தில் ஒரு பங்கு சோவியத் விளையாட்டு ஏஜென்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பணம் அவர்களுக்குப் போகக்கூடாது என்றே ஒரு வருஷம் ஸ்விட்சர்லாந்தின் லுகானோவுக்குப் போய் ஆடினார். பின்வாங்கிச் சுற்றி வருவது என்று சொன்னேனே!

பிறகு சான் ஹோசே. 1994-இல் எட்டாவது இடத்துக்காரர்களான அவர்கள் டெட்ராய்ட்டை ஏழு ஆட்டத்தில் வீழ்த்தினார்கள். அடுத்த ஆண்டே டெட்ராய்ட் அவரை வாங்கிக்கொண்டது. பயிற்சியாளர் ஸ்காட்டி பௌமன் 1995 அக்டோபர் 27-இல் கால்கரிக்கு எதிராக ஐந்து ரஷ்யர்களை ஒன்றாக இறக்கினார்: ஃபெடரோவ், கோஸ்லோவ், ஃபெதிசோவ், கோன்ஸ்டான்டினோவ், இவர். 1997-இல் ஸ்டான்லி கோப்பை. தலைவர் ஐசர்மன் கோப்பையை முதலில் ஃபெதிசோவிடம் கொடுக்க, அவர் லரியோனோவையும் சேர்த்துக்கொண்டு இருவருமாகத் தூக்கியபடி பனியைச் சுற்றினார்கள். ஆறே நாளில் கார் விபத்து. கோன்ஸ்டான்டினோவ் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. 1998-இல் மறுபடி வென்றபோது சக்கர நாற்காலியில் அவரைப் பனிமேல் கொண்டுவந்து, மடியில் கோப்பையை வைத்தார்கள்.

பிறகு போன புளோரிடா அணியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. போனார், சரிப்படவில்லை, டெட்ராய்ட்டுக்கே திரும்பினார்.

இனி நீ பார்க்கவேண்டிய ஆட்டம். 2002 ஜூன் 8, ராலி நகரம், கரோலினாவுக்கு எதிரான இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம். முழு நேரம் முடிய ஒன்றேகால் நிமிடம் இருக்கும்போது டெட்ராய்ட் சமன் செய்தது. கூடுதல் நேரம் ஒன்று, இரண்டு, மூன்றாவதும் ஓடியது. நூறு நிமிடம் தாண்டி, 20 வயதுப் பையன்களுக்கே கால் கெஞ்சுகிற வேளை. லரியோனோவுக்கு 41. பக் அவரிடம் வருகிறது. கோல் பக்கத்தில், கூட்டத்துக்கு நடுவில். யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருப்பார்கள். அவர் அடிக்கவில்லை. மறிப்பதற்காக பட்டாக்லியா பனியில் விழுந்து சறுக்கி வருகிறார். வந்து, அவரைக் கடந்து, போயே போய்விடுகிறார். அதற்கப்புறம்தான் ஸ்டிக்கின் பின்பக்கத்தால் பக்கைத் தூக்கிவிட்டார். இறுதித் தொடரில் அந்த வயதில் அதுவரை யாரும் கோல் போட்டதில்லை.

கோலில் நின்றவர் யார் தெரியுமா? லாட்வியாக்காரர் ஆர்தர்ஸ் இர்பே. சோவியத் அணியிலும் சான் ஹோசேயிலும் லரியோனோவோடு கூட ஆடியவர். பயிற்சியில் இந்த வித்தையை எத்தனை நூறு தடவை எதிரே நின்று பார்த்திருப்பார்!

வீடியோவை உன் அப்பாவின் போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முதல் தடவை எப்படி வேண்டுமானாலும் பார். இரண்டாம் தடவை பக்கைப் பார்க்காதே. படுத்தபடி சறுக்கிப் போகிறாரே, அவரை மட்டும் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய கணக்கு வாத்தியார்