செப்புத் தகட்டில் அரிப்போவியம்

உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, அப்பள்ளங்களில் மையை நிரப்பித் தாளில் ஒற்றியெடுக்கும் கலை ‘எச்சிங்’ எனப்படும். மர அச்சில் மேடான பகுதி மையை ஏற்கும்; இம்முறையில் பள்ளமே மையைத் தாங்கும்.

கவசங்களுக்குப் பூவேலை செய்த கம்மியரிடமிருந்து இம்முறை ஓவியருக்கு வந்தது. ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்து டானியல் ஹாப்பர் இதனை அச்சுக்குப் பயன்படுத்திய முன்னோடி ஆவார். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) இதனைப் பெருங்கலையாக உயர்த்தினார். இந்தியரான முகுல் டே 1916-இல் அமெரிக்கா சென்று இக்கலையைப் பயின்றார்.

செய்முறை: மெருகிட்ட செப்புத் தகட்டில் எண்ணெய்ப் பசையை நீக்கி, மெழுகும் பிசினும் கலந்த காப்புப் பூச்சினை மெல்லியதாகப் பூசுதல் வேண்டும். பின்புறத்தையும் ஓரங்களையும் வார்னிஷால் மூடவேண்டும். ஊசியால் வரையும்போது பூச்சு விலகிச் செம்பு வெளிப்படும். தகட்டைக் கரைசலில் இட்டால் அவ்விடம் மட்டுமே கரையும்.

கோட்டின் கருமையைப் பெரிதும் நிர்ணயிப்பது கையின் அழுத்தமன்று. கரைசலில் தகடு கிடக்கும் காலமே. மென்கோடுகள் போதிய அளவு அரிக்கப்பட்டதும் தகட்டை வெளியே எடுத்துக் கழுவி, அக்கோடுகளை வார்னிஷால் மூடி, மீண்டும் கரைசலில் இடுவர். எஞ்சிய கோடுகள் மேலும் ஆழமாகும். ஆழ்ந்த பள்ளம் மிகுந்த மையைக் கொள்வதால் அக்கோடு கருத்து விழும். எனவே, எப்போது நிறுத்துவது என்பதை அறிவதே இக்கலையின் நுட்பம்.

பின்னர்ப் பூச்சினை அகற்றி, மையை நன்கு தேய்த்து, மேற்பரப்பை மட்டும் துடைத்து, ஈரத்தாளையும் கம்பளியையும் மேலிட்டு உருளை அச்சில் அழுத்துவர். படம் இடவலம் மாறி விழுமாதலால், எழுத்துகளைத் தகட்டில் தலைகீழாக அன்றி, கண்ணாடிப் பிம்பம்போல் எழுதவேண்டும்.

எச்சரிக்கை: நைட்ரிக் அமிலம் செம்பைத் தாக்கும்போது பழுப்பு நிறமுள்ள நைட்ரஜன் டை ஆக்ஸைடு வெளிப்படும். இந்நச்சு வாயு நுரையீரலைக் கெடுக்கும்; அதன் தீங்கு சில மணி நேரம் கழித்தும் தோன்றக்கூடும். பள்ளிகளில் இவ்வமிலத்தைத் தவிர்த்து, இவ்வாயுவை வெளியிடாத பெர்ரிக் குளோரைடு கரைசலைக் கொள்வது நன்று. அதுவும் தோலையும் கண்ணையும் அரிக்கும். ஆகவே கையுறையும் கண்காப்பும் இன்றியமையாதவை. பயன்படுத்திய கரைசலில் செம்பு கலந்திருக்கும். அது மீன் முதலிய நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. அதனைச் சாக்கடையில் ஊற்றாமல், மூடிய கலத்தில் சேர்த்து, முறைப்படி அகற்ற ஒப்படைத்தல் ஆசிரியரின் கடமையாகும்.